மேல் காந்தாரம்

மாஸ்கோ கன்சர்வேட்டரியின் பெரிய மண்டபத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். பெயர் தெரியாது. 1986 ஏப்ரல் 20, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நாலு மணிக் கச்சேரி. மேடையில் 82 வயதுக் கிழவர் பியானோ வாசித்துக்கொண்டிருக்கிறார். கச்சேரி முடிந்து, ஜனங்கள் விடாமல் கைதட்டி, அவரும் திரும்பி வந்து, துக்கடா மாதிரி ஒரு சின்ன உருப்படியைத் தொடங்குகிறார். கேமரா அவரை விட்டுவிட்டு இந்த மனிதரின் முகத்துக்கு வருகிறது. கன்னத்தில் ஒரு துளி இறங்குகிறது. அவர் அதைத் துடைத்தாரா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. எத்தனை முறை பார்த்தாலும் துளியைத்தான் பார்க்கிறேன், கையைப் பார்ப்பதில்லை.

கிழவர் விளாடிமிர் ஹோரோவிட்ஸ். உருப்படி, ராபர்ட் ஷூமனின் டிராய்மெராய். கனவில் மூழ்கிக் கிடத்தல் என்று சொல்லலாம். மூன்று நிமிடம்கூட முழுதாக வராது.

இந்த முகத்தைப் பார்ப்பதற்கு இருபது வருஷம் முன்பே இந்த வாசிப்பு எனக்குப் பழக்கம். கேட்டது மட்டும்தான், பார்த்ததில்லை. சிங்கப்பூரிலிருந்து வந்த சித்தப்பா கொண்டுவந்த கேசட். சித்தப்பாவுக்கும் பியானோவுக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. அவர் கட்சி அனுதாபி. வீட்டுப் பரணில் ‘சோவியத் நாடு’ இதழ்களை வருஷவாரியாகக் கட்டி வைத்திருந்தவர். கடையில் அட்டையில் ‘மாஸ்கோ’ என்று போட்டிருந்ததைப் பார்த்து வாங்கிவிட்டார். ஊருக்கு வந்து போட்டுப் பார்த்தால் ஒரு பேச்சில்லை, ஒரு கோஷமில்லை. “ஏதோ பொட்டி வாத்தியம்டா, நீ வேணா வச்சுக்க” என்று என் கையில் திணித்தார். அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவரின் கச்சேரி அது, அதுவும் அறுபத்தோரு வருஷம் முன்பு ரஷ்யாவை விட்டு ஓடிப்போனவர் என்பது அவருக்குக் கடைசி வரை தெரியாது. நானும் சொல்லவில்லை.

அப்போது நான் தஞ்சாவூரில் அத்தை வீட்டில் தங்கிக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தேன். மேல வீதியில், திண்ணை வைத்த வீடு. அத்தை வீணை சொல்லிக்கொடுப்பாள். காலையில் நாலு பிள்ளைகள், சாயங்காலம் ஆறு பிள்ளைகள். எல்லோரும் போனபிறகு, விளக்கை அணைத்துவிட்டு அவள் தனக்காகக் கொஞ்ச நேரம் வாசிப்பாள். அந்த வாசிப்புக்கும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததற்கும் சம்பந்தமே இருக்காது. விரலை இப்படி வை, அப்படி வை என்று பகலெல்லாம் அதட்டுகிறவள், இருட்டில் எப்படி எப்படியோ வைத்துக்கொள்வாள்.

கேசட்டை முதல்முதலாகப் போட்டபோது அவள் அடுக்களையிலிருந்து கேட்டாள்: “என்ன தம்பி அது, யார் வீட்டுல ஆணி அடிக்கிறாங்க?”

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் யோசித்தால் அவள் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. பியானோ என்பது சுத்தியல் வாத்தியம்தான். கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளித் தலை போட்ட ஒரு சுத்தியல் எழும்பி, தந்தியில் மோதி, அந்தக் கணமே விலகி விழுந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வாசிப்பவருக்கு அந்த ஸ்வரத்தின்மேல் அதிகாரம் இல்லை. வயலின்காரர் வில்லை அழுத்தி ஒரு ஸ்வரத்தை வளர்க்கலாம். நாகஸ்வரக்காரர் மூச்சு உள்ளவரை ஊதலாம். பியானோ ஸ்வரம் பிறந்த நொடியிலிருந்து தேய்கிறது. அசைக்க முடியாது, வளைக்க முடியாது, கமகம் என்ற பேச்சுக்கே இடமில்லை. கட்டையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கலாம். மிதியை அழுத்தி மற்றத் தந்திகளையும் கூட அதிரவிடலாம். அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட ஒரு பெட்டியைப் பாட வைத்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். உரக்கவும் வேகமாகவும் வாசித்தால் கேட்பவருக்கு இந்தக் குறை தெரியாது. ஒன்று சாவதற்குள் பத்து பிறந்துவிடும். மெதுவான சின்ன உருப்படிகளில்தான் மானம் போகும். ஹோரோவிட்ஸின் பேரெல்லாம் இடி முழக்கத்துக்கும் மின்னல் வேகத்துக்கும்தான். நான் அவரைப் பிடித்துக்கொண்டது அந்த மூன்று நிமிடத்துக்குள் அடங்குகிற ஒன்றுக்காக.

அத்தைக்கு அது பிடிபட்டது ஒரு கரண்ட் போன இரவில். எங்கள் டேப் ரிக்கார்டர் நாலு பெரிய பேட்டரி போடுவது. பேட்டரி தேய்ந்தால் தூக்கிப்போடும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது, முற்றத்து வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடுவோம். வெயில் தின்ற பேட்டரி ஒரு மணி நேரம் தாங்கும். பிறகு டேப் சோர்ந்து சோர்ந்து சுற்றும். அன்றும் அப்படித்தான். டிராய்மெராய் தொடங்கியது. அத்தை திண்ணைப் பக்கமாக விசிறியோடு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“ப, ஸா…” என்று முணுமுணுத்தாள். “நி ஸ க ப ஸா. சங்கராபரணம்தானே இது?”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அதுதான். மேற்கத்தியார் எஃப் மேஜர் என்பார்கள். எஃப்பை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அச்சு அசல் சங்கராபரணத்து ஸ்வரங்கள். கீழ்ப் பஞ்சமத்திலிருந்து ஸட்ஜத்துக்கு ஒரு தாவல். அங்கே நிற்கிறது. பிறகு நிஷாதத்தைத் தொட்டு, காந்தாரம், பஞ்சமம் என்று படியேறி மேல் ஸட்ஜத்துக்குப் போய் அங்கேயும் நிற்கிறது. பிறகு தழையத் தழைய இறங்குகிறது. அடுத்த தடவை அதே படிக்கட்டு, ஆனால் மேல் ஸட்ஜத்தோடு விடாமல் மேல் காந்தாரத்துக்கு எட்டுகிறது. பாட்டு முழுக்க இந்த எட்டுதல்தான். நடுவில் ஒரு இடத்தில் அதே வடிவம் மத்தியமத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டு வரும். நம் ஆட்கள் மத்யம ஸ்ருதி என்பார்களே, அது மாதிரி.

“இவன் ஸ்ருதி இறங்கிட்டே போகுதே” என்றாள் அடுத்ததாக.

பேட்டரி, அத்தை.

“தெரியுது. இரு.” எழுந்துபோய் வீணையை எடுத்து வந்தாள்.

அதற்கப்புறம் நடந்ததைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த முதல் நிற்றலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கீழ்ப் பஞ்சமத்திலிருந்து தாவி வந்து ஸட்ஜத்தில் நிற்கிற இடம். அந்த ஸட்ஜம் தேய ஆரம்பித்த பிறகு, அடுத்த அடியில், அதற்குக் கீழே ஒரு ஸ்வரக் கூட்டம் வந்து உட்கார வேண்டும். கூட்டமாக வருவது எப்போதும் தனியாக நிற்பதைவிடச் சத்தம் அதிகம். ஒரு மயிரிழை கூடினாலும் ஸட்ஜம் புதைந்துபோகும். கேட்பவர் காதில் பாட்டு அங்கேயே அறுந்துவிடும். அப்புறம் நிஷாதம் வருகிறதே, அது என்ன கனத்தில் வர வேண்டும்? ஸட்ஜம் பிறந்தபோது இருந்த கனத்தில் அல்ல, தேய்ந்து தேய்ந்து இப்போது எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அந்தக் கனத்தில். அதைக் காதால் அளந்து, விரலால் வைக்க வேண்டும். அப்படி வைத்தால் நிஷாதம் புதிதாக அடித்த ஸ்வரமாகத் தெரியாது, ஸட்ஜத்திலிருந்தே வழிந்து வந்ததாகத் தெரியும்.

வீணைக்காரர்களுக்கு இது பிறவிச் சொத்து. ஒரு மீட்டு மீட்டிவிட்டு, தந்தியை மெட்டின் மேல் பக்கவாட்டில் இழுத்தால் அதே நாதத்திலிருந்து அடுத்த ஸ்வரம் வரும், அதற்கடுத்ததும் வரும். தேய்ந்த கனத்திலேயே வரும், ஏனென்றால் அது அதே நாதம்தான். பியானோக்காரனுக்கு அந்த வசதி இல்லை. அவன் ஒவ்வொரு ஸ்வரத்தையும் தனித்தனியாகப் பெற்றெடுத்து, எல்லாம் ஒரே மீட்டில் வந்தது என்று நம்மை நம்பவைக்க வேண்டும். ஒரு வகையில் மோசடிதான். ஹோரோவிட்ஸ் அதில் கைதேர்ந்தவர்.

அவர் விரலை வைக்கும் விதத்தைப் பிறகு படத்தில் பார்த்தேன். உலகம் முழுக்க வாத்தியார்கள் விரலை வளைத்து, உள்ளங்கையில் ஒரு பழம் வைத்திருப்பதுபோல் வைக்கச் சொல்வார்கள். இவர் விரல்கள் தட்டையாக நீட்டிக்கிடக்கும், சுண்டுவிரல் மட்டும் சுருண்டிருக்கும். மணிக்கட்டு தாழ்ந்து, கட்டைகளின் மட்டத்துக்கும் கீழே. பார்த்தால் தடவிக்கொடுக்கிற கை. அத்தை இருட்டில் வைத்துக்கொண்ட கை நினைவுக்கு வந்தது.

நானும் பியானோவில் கை வைத்திருக்கிறேன், பெரிய பேச்சாகச் சொல்லவில்லை. படித்த பள்ளியின் பிரார்த்தனைக் கூடத்தில் பழைய பியானோ ஒன்று இருந்தது. ஏழெட்டுக் கட்டைகள் அழுத்தினால் அழுந்தி அப்படியே கிடக்கும், நாமே விரலால் தூக்கிவிட வேண்டும். மழைக்காலத்தில் உப்பிப்போய் இன்னும் நாலு கட்டை சேர்ந்துகொள்ளும். பூட்டித்தான் வைத்திருப்பார்கள். ஒருநாள் பூட்டாமல் விட்டிருந்தார்கள். நான் ஒரு வெள்ளைக் கட்டையை அழுத்தி, காதை மரத்தில் வைத்துக்கொண்டு, எப்போது முடிகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தேன். முடிந்ததா இல்லையா என்று தீர்மானிக்கவே முடியவில்லை. அதற்குள் பின்னந்தலையில் ஒரு அடி விழுந்தது. அடித்தவர் மேல் இப்போது வருத்தம் இல்லை. அந்த ஸ்வரத்தின் முடிவைக் கேட்கவிடவில்லை என்பது மட்டும் கொஞ்சம் உறுத்துகிறது.

ஷூமன் இதை எழுதியது 1838 இல். வயது இருபத்தேழு. கிளாராவைக் காதலித்துக்கொண்டிருந்தார். கிளாராவின் அப்பா, ஷூமனின் வாத்தியாரும்கூட, ஒரே பிடியாக மறுத்துக்கொண்டிருந்தார். நீங்கள் சில நேரம் எனக்குக் குழந்தை மாதிரித் தெரிகிறீர்கள் என்று கிளாரா எப்போதோ சொல்லியிருந்தது மனதில் தங்கி, அதன் எதிரொலியாகச் சின்னச் சின்னதாக முப்பது உருப்படிகள் வரை எழுதினார். அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்துப் பதின்மூன்றை ‘குழந்தைக் காட்சிகள்’ என்று வெளியிட்டார். டிராய்மெராய் ஏழாவது. சரியாக நடுவில் இருக்கிறது. தலைப்பைப் பார்த்துக் குழந்தைகள் வாசிப்பதற்கு என்று நினைத்து அரங்கேற்றத்துக்குப் பிள்ளைகளை உட்காரவைப்பவர்கள் இருக்கிறார்கள். குழந்தைகளுக்காக அவர் தனியாகவே ஒரு தொகுப்பு எழுதினார், பத்து வருஷம் கழித்து. இது வளர்ந்தவன் திரும்பிப் பார்ப்பது. ஸ்வரங்கள் குழந்தைக் கைக்கு எட்டும்தான். ஆனால் அந்தத் தேய்மானத்தை அளக்கிற காது பத்து வயதில் யாருக்கு வரும்?

பழைய பதிப்பில் ஷூமன் பெயரில் உள்ள வேகக் குறிப்பு நிமிடத்துக்கு 100 தட்டு. அவர் போன பிறகு கிளாரா பதிப்பித்தபோது அதை 80 ஆக்கினார். இரண்டையுமே யாரும் மதிப்பதில்லை. மேடைகளில் கேட்பதெல்லாம் அதைவிட மெதுவாகத்தான் நகரும். 100 இல் வாசித்துப் பார்த்தால் கனவு காண்பவன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுபோல இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்று தெரியவில்லை. நான் பழகியதே வெயிலில் காயவைத்த பேட்டரியின் வேகத்தில். பல வருஷம் கழித்து, நல்ல கருவியில், சரியான வேகத்தில் அதே மாஸ்கோ வாசிப்பைக் கேட்டபோது எனக்கு அது பொய்யாகப் பட்டது. கிழவர் அவசரப்படுகிறார், ஸ்ருதியும் அரைக்கட்டை ஏறிக்கிடக்கிறது என்று தோன்றியது. என் மண்டைக்குள் இருந்த டிராய்மெராய் ஹோரோவிட்ஸ் வாசித்ததே அல்ல.

அவர் மேடையை விட்டு விலகிப் போனது ஒருமுறை அல்ல. நாலு தடவை. அவற்றில் நீளமானது 1953 முதல் 1965 வரை, பன்னிரண்டு வருஷம். நியூயார்க் வீட்டில் அடைந்து கிடந்தார். நரம்புத் தளர்ச்சி என்றார்கள், பயம் என்றார்கள். கார்னகி ஹாலில் திரும்பி வந்தது 1965 மே 9, அதுவும் ஞாயிறு. டிக்கெட்டுக்காக ராத்திரியெல்லாம் வரிசையில் நின்றவர்களுக்கு அவருடைய மனைவி வாண்டா, இசைக்குழு நடத்துநர் டோஸ்கனினியின் மகள், காபி வாங்கிக் கொடுத்தாராம். அந்தக் கச்சேரியின் முதல் சில நொடிகளிலேயே தப்பு ஸ்வரம் விழுந்தது. கடைசித் துக்கடாக்களில் ஒன்று டிராய்மெராய். இந்தத் தேதியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு இது தேவைப்படுகிறது.

1983 இல் டோக்கியோவில் இன்னொரு விபத்து. மருந்து மயக்கத்தில் உட்கார்ந்து, ஸ்வரங்களைச் சிதறவிட்டு வாசித்தார். ஒரு ஜப்பானிய விமர்சகர் அவரைக் கீறல் விழுந்த பழம்பொருள் என்று எழுதிவிட்டார். அத்தோடு முடிந்தது கதை என்றே எல்லோரும் நினைத்தார்கள். இரண்டு வருஷத்தில் மருந்தை விட்டு, திரும்ப எழுந்து, அதற்கடுத்த வருஷம் மாஸ்கோ. தன் வீட்டு ஸ்டைன்வேயை நியூயார்க்கிலிருந்து கூடவே கொண்டுபோனார். அதற்கு ஸ்ருதி சேர்க்க ஃப்ரான்ஸ் மோர் என்ற தொழில்வல்லுநரும் கூடப் போனார். கட்டைகள் தொட்டாலே இறங்கும்படி இலகுவாக அமைத்த பியானோ அது. பழக்கமில்லாதவர் உட்கார்ந்தால் கை நழுவிவிடும் என்பார்கள். தின்பதற்கு அன்றன்றைக்கு மீன் விமானத்தில் வந்தது. டிக்கெட் கிடைக்காத கன்சர்வேட்டரி மாணவர்கள் காவலை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்து படிகளிலும் நடைகளிலும் நின்றார்கள்.

படத்தில் அவரைப் பார்க்கும்போது எனக்கு முதலில் உறைத்தது, இந்த ஆள் அசையவே இல்லை என்பது. கண்ணை மூடிக்கொண்டு, தலையைப் பின்னால் சாய்த்து, உதட்டைக் கடித்து, நம்மைவிட முன்னால் தாங்களே உருகிவிடுகிற வாசிப்பாளர்களைக் கண்டால் எனக்கு ஒவ்வாமை. கேட்பதற்கு என்று வந்த எனக்கு அங்கே வேலையே இல்லாமல் போய்விடுகிறது. ஹோரோவிட்ஸின் முகத்தில் ஒன்றுமில்லை. பலசரக்குக் கடையில் தராசு முள்ளைப் பார்க்கிறவரின் முகம். ராடு லூபு என்று ஒரு ருமேனியர் இருந்தார், 2022 இல் காலமானார். பியானோவுக்கென்று உள்ள ஸ்டூலில் உட்காராமல் சாய்மானம் உள்ள சாதாரண நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பிராம்ஸின் கடைசிக்கால உருப்படிகளை வாசிப்பார், அலுவலகத்திலிருந்து வந்து பேப்பர் படிக்கிறவர்போல. தாடிக்குள் என்ன நடக்கிறதென்று யாருக்கும் தெரியாது. அவர்கள் இருவரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாசிப்பதைவிடக் கேட்பது அதிகம்.

தம்பி மகள் வோல்கோகிராடில் மருத்துவம் படிக்கப் போனாள். சென்னைக்கும் அந்த ஊருக்கும் சகோதர நகர உறவு உண்டு. அதற்கும் இவள் போனதற்கும் சம்பந்தமில்லை, இங்கே சீட்டு கிடைக்கவில்லை, அங்கே கிடைத்தது. விடுதியில் தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர். முதல் குளிர்காலத்தில் ரசப்பொடி தீர்ந்துபோனது பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். இரண்டாம் வருஷமோ மூன்றாம் வருஷமோ, ஒருநாள் போனில் ஒலித்துண்டு ஒன்று வந்தது. கீழே, “பெரியப்பா, இது நீங்க எப்பவும் போடுற பாட்டுதானே?”

ஏதோ பெரிய கூடத்தின் எதிரொலி. காலடிச் சத்தம், யாரோ இருமுவது. அதற்கு மேலே, வார்த்தையில்லாமல், பல குரல்கள் சேர்ந்து பாடுகின்றன. ப, ஸா. நி ஸ க ப ஸா.

எங்கே இருக்கிறாய் என்று கேட்டேன். மாமாயெவ் குர்கான் என்றாள். அந்தக் குன்றின் பெயர் எனக்குத் தெரியும், சித்தப்பாவின் பரணில் படித்ததுதான். வோல்கோகிராடின் பழைய பெயர் ஸ்டாலின்கிராட். இரண்டாம் உலகப்போரில், 1942 செப்டம்பரிலிருந்து 1943 ஜனவரி வரை அந்தக் குன்றுக்காகச் செத்தவர்களுக்குக் கணக்கு வைக்க முடியாது. குன்றின் மேல் வட்டமாக ஒரு மண்டபம். நடுவில் தரையிலிருந்து ஒரு கை மட்டும் எழும்பித் தீப்பந்தத்தைப் பிடித்திருக்கிறது, அது அணையாத நெருப்பு. சுற்றுச் சுவரில் சிவப்புக் கொடிகள்போலச் செய்த முப்பத்து நாலு பதாகைகளில் 7,200 பெயர்கள். அங்கே ஓயாமல் ஒலிப்பது டிராய்மெராய்.

“இதை எழுதினவர் ஜெர்மன்காரர், தெரியுமா?” என்று கேட்டேன்.

“அப்படியா? இங்க இதை கிரியோஸின்னு சொல்றாங்க. எங்க மேடம்கிட்ட கேட்டேன். மே 9ந்தேதி டிவியில மௌன அஞ்சலிக்குப் போடுற பாட்டுன்னு சொன்னாங்க. அதைச் சொல்றப்பவே அவங்க முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு, பெரியப்பா. மேல கேக்கல.”

ஜெர்மன்காரர்கள் கொன்றவர்களின் பெயர்களுக்கு நடுவே ஒரு ஜெர்மன்காரரின் கனவு. அதை அங்கே வைக்கலாம் என்று தோன்றியவர் யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சோவியத் தொலைக்காட்சியில் போரில் மாண்டவர்களுக்காக அந்த மௌன நிமிடம் முதல்முதலாக ஒளிபரப்பானது வெற்றியின் இருபதாவது ஆண்டு நிறைவில். 1965 மே 9. ஹோரோவிட்ஸ் பன்னிரண்டு வருஷ மௌனத்துக்குப் பிறகு கார்னகி ஹாலில் வந்து உட்கார்ந்த அதே நாள். கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் தன் பயத்திலிருந்து வெளியே வந்து கடைசியில் டிராய்மெராய் வாசிக்கிறார். இந்தப் பக்கம் அதே பாட்டு இறந்தவர்களோடு ஒட்டிக்கொள்கிறது. ஒருவருக்கொருவர் தெரியாது. இதற்கு அர்த்தம் கற்பிக்க நான் வரவில்லை. தேதிகள் சும்மா பொருந்தும். ஆனால் இரண்டும் 1986 இல் ஒரே மண்டபத்தில் சந்தித்துக்கொண்டன.

ஆகவே அந்த மனிதரிடம் திரும்புகிறேன். ஊர் திரும்பிய கிழவரைப் பார்த்து நெகிழ்ந்து அழுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வாசிப்பின் அழகுக்காக என்று நினைத்தேன். கொஞ்ச நாள் எனக்கு அதில் பெருமைகூட, ஏதோ நானும் அவரும் ஒரே ரசனைக்காரர்கள் என்பதுபோல. தம்பி மகளின் ஒலித்துண்டுக்குப் பிறகு அந்த முகத்தை வேறு மாதிரிப் பார்க்கிறேன். இருபது வருஷமாக ஒவ்வொரு மே மாதமும் இந்தப் பாட்டு வரும்போது எழுந்து நின்றிருக்கலாம் அவர். அப்பாவோ அண்ணனோ யாரோ. நான் ஊகிக்கிறேன், வேறொன்றுமில்லை. ஹோரோவிட்ஸ் அவருக்கு எதையும் ஊட்டவில்லை. ஸ்வரங்களைத் தேயவிட்டார். தேய்ந்த இடத்தில் அவர் தன்னுடையதை வைத்துக்கொண்டார்.

பாட்டின் கடைசியில் அந்தப் படிக்கட்டு இன்னொரு தடவை வருகிறது. நி ஸ க ப, பிறகு மேல் காந்தாரத்துக்கு ஒரே எட்டு. முன்பும் அங்கே போனதுதான். ஆனால் இந்தத் தடவை ஷூமன் அதன் தலையில் நிறுத்தக்குறி ஒன்று வைத்திருக்கிறார்: வேண்டுமளவு நில். கீழே வைத்திருக்கும் கூட்டத்திலும் இப்போது ஒரு பிரதி மத்தியமம் ஒளிந்திருக்கிறது. சங்கராபரணத்தில் ஒரு கணம் கல்யாணியின் வாடை. வேண்டுமளவு என்றால் எவ்வளவு? நிறைய நின்றால் ஸ்வரம் செத்து, வெறும் மரப்பெட்டி மிஞ்சும். குறைய நின்றால் எட்டியதற்கே பொருளில்லை. ஹோரோவிட்ஸ் அந்த மேல் காந்தாரத்தை ஊதினால் அணையும் கனத்தில் வைக்கிறார். பிறகு, இனி ஒரு இழை தேய்ந்தால் போச்சு என்கிற இடம்வரை விடுகிறார். பிறகுதான் இறங்குகிறார். அந்த இடைவெளியில் மாஸ்கோவில் ஒருவர்கூட இருமவில்லை.

கரண்ட் போன அந்த இரவில் அத்தை வீணையை மடியில் சாய்த்து, டேப்பைக் கேட்டபடியே, பிரடையைத் திருகித் தந்தியைத் தளர்த்தினாள். டேப் இறங்க இறங்க அவளும் இறக்கினாள். வீணைக்கு இவ்வளவு தாழ்ந்த ஸ்ருதியா என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதட்டியிருப்பாள். கூடவே ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் தொட்டாள். ஸட்ஜத்தில் ஒரு முறை. நடுவில் மத்தியமத்தில் ஒரு முறை. மற்றபடி சும்மா விரலை மெட்டின்மேல் வைத்துக்கொண்டிருந்தாள். படிக்கட்டு கடைசியாக ஏறத் தொடங்கியபோது டேப் உறுமியது, ஸ்வரங்கள் தடித்து, கூழாகி, ‘ப’வுக்குப் பிறகு நின்றே போனது.

தெருவிலும் வெளிச்சமில்லை. நான் பேட்டரியைக் கழற்ற எழுந்தேன்.

அத்தை மீட்டினாள். ஒரே மீட்டு. ‘ப’வில் தொடங்கி, தளர்ந்த தந்தியை மெட்டின்மேல் இழுத்துக்கொண்டே போய், தளர்ந்திருந்ததால் அது எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் வந்தது, மேல் காந்தாரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினாள். பிறகு வலது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இடது கை மட்டும் தந்தியைப் பிடித்திருந்தது. நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, முடிந்தது என்று நினைத்து ஒரு அடி எடுத்து வைத்தேன்.

“உக்காருடா,” என்றாள். “இன்னும் இருக்கு.”